இது நான், அது மிஷின்

காதால் கேட்டதை விரலால் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். யார் யாரோ பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்த வாய்ச்சண்டை, கல்லூரிப் பாடம், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளரின் வாழ்க்கைக் கதை என்று எது வந்தாலும் சரி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வரி பிசகாமல் தட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மேஜைக்கு அடியில், தையல் மிஷினுக்கு இருப்பதுபோல், அவளுக்கும் ஒரு மிதி உண்டு. முன்பாதத்தால் அழுத்தினால் பேச்சு ஓடும். எடுத்தால் நிற்கும். குதிகாலை அழுத்தினால் பின்னால் போகும். உலகத்தில் யார் பேச்சையும் காலால் நிறுத்தக்கூடிய ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவளை ஒரு வாரமாக அவளுடைய கம்ப்யூட்டர் உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தது. ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் திடீரென்று "தண்ணித் தொட்டிடிடிடிடி" என்று அதிர்ந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த வார்த்தைக்குத் தாவுவார். பாட்டுப் போட்டால் பாடகி ஒரே சுரத்தில் மாட்டிக்கொண்டு திணறுவாள். கொஞ்ச நேரம் சரியாக இருக்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். வருவதும் போவதும் அதன் இஷ்டம்.

அன்று காலை புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாஸ்டர் ஒருவர், வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்காக ஒரு புத்தகம் போட ஆசைப்பட்டு, அதைப் பேசிப் பேசியே பதிவு செய்து அனுப்பியிருந்தார். எழுத்தாக்கித் தர வேண்டும். அவள் ஹெட்போனை மாட்டி, மிதியை அழுத்தினாள்.

"வணக்கம். ந... ந... நான் இதுவரைக்கும் ப... ப... பல பேருக்கு வண்டி ஓட்டக் க... க... கத்துக்கொடுத்திருக்கேன்."

காலை எடுத்தாள். குதிகாலால் பின்னால் போய் மறுபடி கேட்டாள். அதேதான். அடுத்த வரிக்குப் போனாள். "மு... முதல்ல க... க... கிளட்ச்" என்றது.

"ஐயோ, இன்னிக்கு முத்திப்போச்சு" என்று ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

அடுத்த அறையில் கணவர் பல்செட் செய்துகொண்டிருந்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மேல் வரிசை, கீழ் வரிசை என்று செய்து கொடுப்பது அவர் வேலை. அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாக அடுத்தவர் ஈறுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். தேய்க்கும் மோட்டாரை அவர் போட்டால் வீடே ரீங்காரமிடும்.

"என்னங்க! அந்த மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க அதைப் போட்டாத்தான் இது திக்குதோ என்னவோ."

மோட்டார் நின்றது. பேச்சு திக்கியது. அவர் முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஏதோ கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. இவருக்குக் கீழ்வரிசை சரியா உக்காரல. ஆடுது."

"உங்களுக்கு எல்லாமே பல்செட்தான்."

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்று அவர் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அவள் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். கொழுந்தன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. அன்று அவனுக்கு விடுமுறை. வீட்டில் அவனுக்கு 'அப்டேட்' என்று பெயர். யார் போனைக் கையில் எடுத்தாலும், யார் டிவி முன் உட்கார்ந்தாலும், "இதை அப்டேட் பண்ணி எவ்வளவு நாளாச்சு?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. கூப்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணி, நீங்க எழுந்திரிங்க. டீ மட்டும் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"டீயை உங்கண்ணன் போடுவார். நான் பக்கத்துலதான் உக்காருவேன். என் வேலை இதுல கெடக்கு."

அவன் விடவில்லை, வரிசையாக இறங்கினான். ஹெட்போனை மாற்றினான். முன்பக்கத் துளையில் இருந்ததைப் பின்பக்கத்தில் செருகினான். திறந்து கிடந்த பக்கங்களையெல்லாம் மூடினான். ஒலிக்கு அழகு கூட்டுவதாகச் சொல்லும் வசதிகளை அணைத்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் நடுநடுவே தூங்கி வழிகிறதோ என்று சந்தேகப்பட்டு, அந்த மிச்சம் பிடிக்கும் புத்தியையும் மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். பாடகி கொஞ்சம் போவாள், ஓரிடத்தில் இடறுவாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி. டிரைவர்!"

"டிரைவரா?"

"கம்ப்யூட்டருக்கும் அதுல இருக்கற சாமானுக்கும் நடுவுல ஒரு சின்ன புரோகிராம் தூது போகும். அதுக்குப் பேர் டிரைவர். சவுண்டுக்கு இருக்கற டிரைவரைத் தூக்கிட்டுப் புதுசா போடறேன்."

போட்டான். கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினான். பாட்டு ஓடியது. பாடகி மலையேறி இறங்கி, கடைசி வரி வரைக்கும் ஓரிடத்திலும் இடறவில்லை. அவன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். டீ கொண்டுவந்த அண்ணன் கையில் கொஞ்சம் சிந்திக்கொண்டார். அவளுக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"இப்ப மாஸ்டரைப் போடுங்க" என்றாள்.

"வணக்கம். ந... ந... நான் இதுவரைக்கும்..."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் தன் கீழ்த்தாடையைத் தொட்டுக் காட்டினார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்படின்னா ஃபைல் கெட்டுப்போயிருக்கு" என்று அப்டேட் தீர்ப்புச் சொன்னான். "அனுப்பும்போதே ஒடஞ்சிருக்கும். போன் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்க அண்ணி."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சார், வணக்கம். உங்க புத்தகத்தை எழுதிக் கொடுக்கறவ பேசறேன். மன்னிக்கணும் சார். எங்க கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு. உங்க குரல் வார்த்தைக்கு வார்த்தை திக்குது. காலையிலேர்ந்து சரி பண்ணிப் பாக்கறோம், ஒண்ணும் நடக்கல. நீங்க தப்பா எடுத்துக்காம இன்னொரு தடவை அனுப்பினீங்கன்னா..."

 அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"அது க... க... கம்ப்யூட்டர் இல்லம்மா. ந... ந... நான்தான்."

அப்டேட் டீயை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. பூமி பிளந்து நாற்காலியோடு தன்னை இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. எத்தனை பேர் பேச்சைக் கேட்டுப் பழகிய காது! வெற்றிலை போட்டுப் பேசுகிறவர், மூக்கால் பேசுகிறவர், பாதிப் பேச்சை விழுங்குகிறவர் எல்லாரையும் அடையாளம் கண்டுகொள்ளும் காது. இதை மட்டும் எப்படிக் கோட்டை விட்டது?

"சார்... சார், எனக்குத் தெரியாது சார். சத்தியமா மிஷின்னுதான் நெனச்சேன். ஒரு வாரமா அது..."

 அப்போதுதான் போனிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஓய்ந்து, மறுபடி தொடங்கி, இருமலில் போய் முடிந்தது. அதில் ஓரிடத்திலும் திக்கல் இல்லை.

"அம்மா, ச... சின்ன வயசுலேர்ந்து இதுதான். ஸ்கூல்ல கேலி பண்ணாங்க. க... கடைக்குப் போனா நான் கேக்கறதுக்கு முன்னாடியே எதையாவது எடுத்துக் குடுத்துடுவாங்க. உப்பு வாங்கப் போய் சோப்போட வந்திருக்கேன். என் மேல த... தப்பில்ல, மிஷின் மேலதான் தப்புன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"சார், என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? இன்னிக்கு ப... பூரா நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். என் வீட்டுக்காரிகிட்ட மொதல்ல சொல்லணும்." மறுபடி ஒருமுறை இருமிக்கொண்டார். "ஆனா ஒண்ணு கேக்கலாமா? உங்க மிஷினும் நெஜமாவே த... திக்குமா?"

"ஒரு வாரமா திக்குது சார். இப்பத்தான் சரி பண்ணினோம்."

"அது எப்படித் திக்கும்? எனக்குக் கேக்கணும்போல இருக்கு. என் பேச்சையே போட்டுக் க... காட்டுங்க, மிஷின் எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாக்கலாம்."

அவளுக்குத் தயக்கமாக இருந்தது. ஒருவர் முன்னாலேயே அவர் திக்குவதை எப்படிப் போட்டுக் காட்டுவது? ஆனால் அவர் குரலில் இருந்தது வருத்தமில்லை, ஆவல்தான். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்த்தி, மிதியை அழுத்தினாள். 'முதல் கியர்' என்ற பகுதி ஓடியது.

"இது நான்" என்றார் மாஸ்டர். "இதுவும் நான். இது நான். ம்... இதுவும் நான்தான்." பதிவில், "வண்டி மெதுவாஆஆஆஆ நகரும்" என்று வந்தது. "நில்லுங்க நில்லுங்க! இது நான் இல்ல!"

அவள் காலை எடுத்தாள். "எப்படி சார் சொல்றீங்க?"

"ந... நான் வார்த்தை ஆரம்பத்துலதான் முட்டுவேன். அதுவும் உயிர்மெய்யெழுத்துல. எனக்கு வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் லேட். கெளம்பிட்டா நடுவழியில நிக்காது. 'மெதுவா'ல கடைசியில போயி நான் எதுக்கு மாட்டறேன்? அது உங்க ஆளு. அதை என் க... கணக்குல எழுதாதீங்க."

அப்டேட் வாயிலிருந்த டீயை ஒருவழியாக விழுங்கினான். "அப்ப மிஷின் இன்னும் சரியாகல!"

"இன்னொண்ணு க... கவனிங்க. என் பேச்சுக்குப் பின்னாடி டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், கேக்குதா?"

"கேக்குது சார். கடிகாரம்னு நெனச்சேன்."

"இண்டிகேட்டர். வண்டியை ஓரமா நிறுத்தி உள்ள உக்காந்துதான் ப... பேசினேன். அணைக்க மறந்துட்டேன். படிக்க வர்றவங்க மறந்தா நான் கத்துவேன், இதை வெளியில சொல்லிடாதீங்க. நான் திக்கும்போது அது ப... பாட்டுக்கு ஒரே சீரா அடிச்சிக்கிட்டிருக்கும். மிஷின் திக்கினா அதுவும் சேர்ந்து திக்கும். அதைப் பிடிச்சிக்கிட்டுப் போங்க."

அவள் மறுபடி ஓடவிட்டு, இந்த முறை பேச்சை விட்டுவிட்டு டிக் டிக்கை மட்டும் கேட்டாள். "க... க... கிளட்ச்" என்று அவர் போராடும்போது டிக், டிக், டிக் என்று அது அலட்டிக்கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, 'மெதுவா'வில், டிக்டிக்டிக்டிக் என்று கோழி கொத்துவதுபோல் அடித்துவிட்டுச் சரியானது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் கையில் பிடிபடாமல் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது இப்போது கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. இனி பாட்டைப் போட்டு, சரியாகிவிட்டதா இல்லையா என்று திண்டாட வேண்டாம்.

"சார், நீங்க லைன்ல இருக்க முடியுமா?" என்று அப்டேட் போனை நோக்கிக் குனிந்தான்.

"அடுத்த க்... கிளாஸ் சாயங்காலம்தான். ஜாலியா இருக்கேன்."

அப்டேட் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். செருகியிருந்தவை ஒவ்வொன்றையும் உருவ வேண்டியது, ஓடவிட்டுக் கேட்க வேண்டியது என்று முடிவாயிற்று. கணவரும் மோட்டாரை மறந்துவிட்டு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் பிரிண்டர்.

"நான்... நான்... நான்... மிஷின்!" என்றது போன்.

பிரிண்டர் குற்றவாளி இல்லை. அடுத்து கேமரா.

"நான். மிஷின். நான். ஐயோ, அது ரெண்டு பேரும் சேர்ந்து!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாஸ்டரின் சிரிப்புத்தான் பலமாகக் கேட்டது. கேமராவும் இல்லை. அடுத்து, சுண்டுவிரல் அளவில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. வைஃபை பிடிப்பதற்காகச் செருகியது. அதை உருவினான்.

"நான். நான். நான்." கொஞ்ச நேரம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "இதுவும் நான். ம... மறுபடி நான். என்னப்பா, நான் மட்டுமே இருக்கேன்? துணைக்கு ஆளைக் காணோம்!"

டிக், டிக், டிக் என்று அந்தப் பகுதி முடியும்வரை ஒரே சீராகப் போனது. குச்சியை மறுபடி செருகினான். கொஞ்சம் பொறுத்து, கோழி கொத்தியது. உருவினான். நின்றது.

"பிடிச்சாச்சு!" என்று கணவர் முக்காலியிலிருந்து எழுந்து, யாரும் கேட்காமலேயே தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

தம்பிதான் சிரிக்கவில்லை. திரையில் எதையோ திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். காது சிவந்துகொண்டு வந்தது.

"என்ன தம்பி?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"சொல்லுங்க."

"போன வாரம் நீங்க வெளிய போயிருந்தப்ப நான் வந்தேன்ல?"

"ஆமா."

"சும்மா உக்காந்திருந்தேனா... கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லா டிரைவரையும் ஒரேயடியா அப்டேட் பண்ற ஒரு புரோகிராமைப் போட்டேன். அது இந்தக் குச்சிக்கு வேற ஏதோ குச்சியோட டிரைவரைப் போட்டிருக்கு. அது நடுநடுவுல மொத்தக் கம்ப்யூட்டரையும் தன் பக்கம் இழுத்துக்குது. அந்த நேரத்துல சவுண்டு பட்டினி கெடக்குது."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். கணவர் சட்டென்று பல்செட் அறைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

போன் தொண்டையைக் கனைத்தது. "டிரைவர் ச... சரியில்லையா? அப்படின்னா என்கிட்ட அனுப்பி வைங்க. ந... நல்லபடியா பழக்கி அனுப்பறேன்."

அவளுக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்டேட்டும் அசடு வழியச் சிரித்தான். அந்தக் குச்சிக்கு முன்பு இருந்த பழைய டிரைவருக்கே திரும்பிப் போகக் கம்ப்யூட்டரில் வழி இருந்தது. திரும்பிப் போனான். தான் கொண்டுவந்து வைத்த புரோகிராமையும், அவள் கண்ணெதிரே, அடியோடு அழித்தான். குச்சியைச் செருகி, இன்டர்நெட்டில் ஒரு பெரிய படத்தை இறங்கவிட்டுக்கொண்டே மாஸ்டரின் பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டார்கள். டிக் டிக் அசையவில்லை. மாஸ்டர் கடைசிவரை, "நான், நான், நான்" என்று பெருமையாக ஒப்புக்கொண்டுவந்தார்.

வைப்பதற்கு முன் அவர் கேட்டார். "அம்மா, நான் திக்கறதையெல்லாம் ந... நீங்க எப்படி எழுதுவீங்க?"

எழுத உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே தோன்றியிருக்கும் கேள்வி அது. "நீங்க சொல்ல வந்ததை எழுதுவேன் சார்."

"ம்" என்றார். "மிச்சத்தை என் தங்கச்சியைப் ப... பேசச் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன். உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு."

"வேண்டாம் சார். இப்ப என் காது பழகிடுச்சு. நீங்களே பேசி அனுப்புங்க."

பொய்யில்லை. அன்று மதியத்துக்குமேல் உட்கார்ந்தவளுக்கு வேலை வழுக்கிக்கொண்டு போயிற்று. மனிதர் பேச்சில் எத்தனை விஷயம் இருந்தது! மேட்டில் வண்டி பின்னுக்கு உருளும்போது வயிற்றில் என்ன செய்யும், அந்தப் பயத்தைக் காலுக்கு இறங்கவிடாமல் எப்படி வைப்பது, பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் யோசனை சொல்லும் உறவினரை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஒரு வார்த்தைக்காக அவர் முட்டிக்கொண்டு நிற்கும்போது அவள் விரல்கள் அடுத்த எழுத்தின் மேல் காத்திருந்தன. அவர் முடிப்பதற்குள் தானாக ஊகித்து அடித்துவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம் வந்திருந்தது. ஊகித்திருந்தால் பல இடங்களில் தப்பாகத்தான் போயிருக்கும். 'ப... ப...' என்று தொடங்கினால் பிரேக் வரும் என்று எதிர்பார்ப்பாள். "பொறுமை" என்பார்.

முதல் நாலு பகுதிகள் அச்சாகித் தயாரானதும் மாஸ்டரே நேரில் வந்தார். குட்டையாக, வெயிலில் கறுத்த ஒரு கையும் அவ்வளவு கறுக்காத மறு கையுமாக இருந்தார். ஜன்னல் பக்கத்துக் கைதான் எப்போதும் வெயிலில் காயும் என்று விளக்கம் சொன்னார். கணவர் அவரை உட்காரவைத்து, பேச்சோடு பேச்சாக அவர் பற்களை உற்றுப் பார்த்தார். எல்லாம் சொந்தப் பல். ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் பிஸ்கட் தட்டை நகர்த்திவைத்தார்.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை எடுத்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். பிஸ்கட் கையிலேயே இருந்தது. அவள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் ந... நான் சொன்னதா?"

"நீங்க சொன்னதுதான் சார். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல."

"நல்லாத்தான் ப... பேசறேன், என்ன?" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. துடைக்கத் தேவையே இல்லாத கண்ணாடி. அவளும் எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலை இன்னொரு முறை மூடிவிட்டு வந்தாள்.

அவர் கிளம்பும்போது எல்லாருமே தெருவுக்கு வந்தார்கள். சந்து குறுகல். எதிரே ஒரு தண்ணீர் வண்டி நின்றிருந்ததால் மாஸ்டர் தன் காரைப் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். அப்போது வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அப்டேட், காருக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வீசி, "வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க சார், இன்னும் கொஞ்சம், நேர் பண்ணுங்க!" என்று கத்த ஆரம்பித்தான். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவன் சொன்னதற்கெல்லாம் பணிவாக, "சரி சார், சரி சார்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தார்.